ஈவினிங் பஜார் கண்ணாடிக் கடைகள்: உடைந்தாலும் குறையாத அலமாரி

வீட்டுக்குக் கண்ணாடி டம்ளர் வாங்கப் போனால் நான் முதலில் விலை கேட்பதில்லை. "இதுல ஒண்ணு உடைஞ்சா, அந்த ஒண்ணு மட்டும் அப்புறம் கிடைக்குமா?" என்றுதான் கேட்பேன். கிடைக்கும் என்றால் மேலே பேசுவேன். கிடைக்காது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ராயபுரத்தில் எங்களுக்கு மாடியில் இரண்டு அறை. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வாசலில் காத்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டி சிமெண்ட். போதாததற்கு இரண்டு பையன்கள். அந்த வீட்டில் கண்ணாடி உடையாமல் இருக்காது. உடைந்ததை ஈடுகட்ட முடிகிற மாதிரி வாங்குவதுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கனம். அதற்குச் சென்னையில் எனக்குத் தெரிந்து ஈவினிங் பஜாரை விட நல்ல இடம் இல்லை.

எங்கள் கல்யாணத்துக்கு ஒரு ஜக்கும் ஆறு கிளாஸும் சேர்ந்த செட் பரிசாக வந்தது. வெட்டு வேலைப்பாடு, வெல்வெட் பெட்டி, எல்லாம் இருந்தது. இரண்டு கிளாஸ் போனதும் அதே மாடலைத் தேடினேன். அந்த டிசைனே நின்றுபோய்விட்டது என்றார்கள். மீதி நான்கை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த ஆறு பேருக்கு எப்படி நன்னாரி சர்பத் கொடுப்பது? நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு உடைந்ததும் ஆறுமே உபயோகம் இல்லாமல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு செட் என்ற பேச்சையே விட்டுவிட்டேன்.

ஈவினிங் பஜாருக்கு வழி சுலபம். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலையில் பூக்கடையைப் பார்த்து நடந்து, ரத்தன் பஜார் பக்கம் திரும்பினால் போதும். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கும் வசதி. சுமையோடு திரும்பும்போது பஸ்ஸை விட மெட்ரோ நல்லது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குலுங்காமல் வரலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும். கண்ணாடி தேடிப் பர்மா பஜாருக்கும் போக வேண்டாம், அது செல்போனுக்கும் செண்டுக்கும் போகிற இடம்.

நான் வாங்குவது உள்சந்து ஒன்றில் இருக்கும் குறுகலான கடையில். முன்னால் டீ கிளாஸ், பின்னால் மேற்கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். ஏணி போட்டு ஏறி எடுத்துத் தர ஒரு பையன். கடைக்கார பாய்க்கு வீட்டு வியாபாரம் பெரிதில்லை. டீக்கடை, மெஸ், கேட்டரிங், ஜூஸ் கடை, இவர்கள்தான் அவருக்கு வாடிக்கை. எனக்கு வேண்டியதும் அதுதான். டீக்கடைக்காரர் வருஷக்கணக்காக ஒரே கிளாஸைத்தான் வாங்குவார், ஒவ்வொரு மாசமும் உடைத்துவிட்டு மறுபடி வருவார். அவரை நம்பித்தான் அந்த மாடல் ஓடுகிறது. அதனால் அது நிற்பதே இல்லை. அலங்காரக் கடையில் சீசனுக்கு ஒரு டிசைன் வரும், போகும். இங்கே அடியில் வரிவரியாக இருக்கும் அந்த டீ கிளாஸ் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது.

"டஜனா எடும்மா, பாக்ஸ் ரேட்டு போட்டுத் தரேன்" என்பார். டீ கிளாஸை டஜனாகத்தான் எடுப்பேன், போன முறை 140 ரூபாய். மற்றதெல்லாம் லூஸில் இரண்டு மூன்று கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருவார், ஒன்றுக்கு நாலைந்து ரூபாய் கூடும், அவ்வளவுதான். தண்ணீருக்கும் மோருக்கும் குஜராத்தின் யெரா டம்ளர், எந்த வேலைப்பாடும் இல்லாத நேர் டம்ளர். விருந்தாளிகளுக்குக் கொஞ்சம் உயரமாகத் தாய்லாந்தின் ஓஷன். பாயசத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் பொதுவாக ஒரே அளவுக் கிண்ணம். இந்த நான்கு வடிவத்தோடு நிறுத்திக்கொண்டேன். மாசாமாசம் கொஞ்சமாக வாங்கியதில் மொத்தம் 3,000 ரூபாய்கூட ஆகவில்லை, பத்துப் பேர் வந்தாலும் ஒரே மாதிரி கிளாஸில் கொடுக்க முடிகிறது.

பாயிடம் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், ஒவ்வொன்றையும் சோதித்து எடுக்க விடுவார். இதை நேரம் எடுத்துச் செய்யுங்கள், விலை மலிவு என்பதால் அவசியமும்கூட. முதலில் டம்ளரைக் கவிழ்த்துக் கல்லாவின் கண்ணாடி மேல் வையுங்கள். ஆடினால் வாய் சமமாக இல்லை. பிறகு விளிம்பை நகத்தால் சுற்றி வாருங்கள், விரல் வேண்டாம், சில்லு பெயர்ந்திருந்தால் கிழித்துவிடும். நகம் எங்கேயாவது தட்டினால் அதை ஒதுக்கிவிடலாம். நல்ல டம்ளரில் விளிம்பை நெருப்பில் காட்டி மழுக்கியிருப்பார்கள், உதட்டில் உருண்டையாக உட்காரும். அடுத்து ஒரு காசால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். அதே வகை டம்ளர்களில் ஒன்று மட்டும் மொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கடைசியாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சின்னக் காற்றுக் குமிழ் இருந்தால் பரவாயில்லை. ஆனால் வெள்ளையாக உருகாத மணல் கல் ஒன்று சிக்கியிருந்தால் எடுக்காதீர்கள். கல்லும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரியாது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் அச்சுக் கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அச்சில் அழுத்திச் செய்தது என்பதற்கு அது அடையாளம், தினசரி உபயோகத்துக்கு அந்தத் தடிமன் நல்லதுதான்.

இனிச் சூடு. நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடி எப்போது வெடிக்கும், எப்போது தாங்கும் என்பது என் அன்றாட வேலை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலிவான டம்ளர் எல்லாம் மணல், சலவை சோடா, சுண்ணாம்புக்கல் மூன்றையும் உருக்கிச் செய்வது. கொதிக்கிற டீயை ஊற்றினால் உள்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் இன்னும் ஆறியே இருக்கும். அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. தடிமனான கிளாஸ் சூட்டைத் தாங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தடிமன் கூடக்கூட உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் கூடும், மெல்லிய கிளாஸ்தான் தப்பிக்கும். டீ மாஸ்டர் கிளாஸை வெந்நீரில் ஒரு அலசு அலசிவிட்டு ஊற்றுகிறாரே, சுத்தத்துக்கு மட்டும் இல்லை, கிளாஸ் அதில் முன்கூட்டியே சூடாகிவிடுகிறது. வீட்டிலும் அதையே செய்யுங்கள்.

ஆய்வகத்தில் நாங்கள் நெருப்பில் காட்டும் பீக்கர் வேறு ஜாதி. போரோசிலிகேட் என்பார்கள். ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது, மணலோடு போரான் ஆக்சைடு ஏறக்குறைய 13 சதவீதம் சேர்ந்திருக்கும். சாதாரணக் கண்ணாடி விரிவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். நம் ஊரில் 1962இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கிய போரோசில், இப்போது வீட்டுக்கும் டம்ளர், ஜக்கு எல்லாம் செய்கிறது. ஆனால் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தாலே போரோசிலிகேட் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய லாரா தட்டுகள் ஓப்பல் கண்ணாடி, பால் வெள்ளையாக இருக்கும். நல்ல தட்டுதான், அடுப்பில் வைக்கத்தான் ஆகாது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் என்ன கண்ணாடி என்று போட்டிருக்கும், படித்துவிட்டு எடுங்கள். எனக்குச் சூட்டுக்கு வேண்டியது இரண்டே பொருள்: பால் ஊற்ற ஒரு ஜக்கு, சுக்குக் காப்பிக்குக் கைப்பிடி வைத்த கப்பு. காசு கூடப் போட்டது அதற்கு மட்டும்தான். தண்ணீர் குடிக்கிற டம்ளருக்குப் போரோசிலிகேட் வாங்குவது வீண் செலவு என்பேன்.

'டெம்பர்ட்' என்று எழுதியதும் இங்கே கிடைக்கும். அது சாதாரணக் கண்ணாடியையே 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, மேல்பரப்பைக் காற்றடித்துச் சட்டென்று ஆற்றியது. கீழே விழுந்தாலும் பல நேரம் தப்பும். உடைந்தால் நீளநீளச் சில்லாக இல்லாமல் சிறுசிறு துண்டாக உதிரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆழமாகக் கீறல் விழுந்துவிட்டால் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், பிறகு தானாகவே சிதறலாம்.

படம் போட்ட கிளாஸ், தங்க விளிம்பு கிளாஸ் இரண்டையும் நான் தொடுவதில்லை. மலிவு வண்ணப் பூச்சில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்பு உண்டு, உதடு படுகிற இடத்தில் அது எதற்கு? தங்க விளிம்பு மைக்ரோவேவுக்கும் ஆகாது.

கிறிஸ்துமஸுக்கு அம்மா போடும் திராட்சை ஒயினுக்குக் காலுள்ள சின்ன கிளாஸ் தேடினேன். அதில் மட்டும் ஈவினிங் பஜார் சுமார்தான். மலிவில் வருவது காலும் கிண்ணமும் சேருகிற இடத்தில் பலவீனமாக இருக்கிறது. கால் குட்டையாக, அடி அகலமாக இருப்பதைப் பொறுக்கி எடுத்தேன், அது நிற்கிறது. பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியத் தோழி ஒருத்தி ஒயினையே குட்டி டம்ளரில்தான் தருவாள், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

மசாலாவுக்கும் ஊறுகாய்க்கும் பாட்டில் வாங்கக் கடைக்கே போக வேண்டாம். காப்பித்தூள், ஜாம் வந்த பாட்டில்களைச் சேர்த்தாலே போதும், குறைந்தால் எங்கள் தெரு முனைக் காயலாங்கடையில் ஐந்து, பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத பாட்டிலைச் சாப்பாட்டுக்கு எடுக்கவே கூடாது, தின்னரும் ஃபினாயிலும் கூட அதே மாதிரி பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள். கொதி நீரை நேரே ஊற்றாமல், பாத்திரத்தில் துணி விரித்து, பச்சைத் தண்ணீரில் பாட்டிலை வைத்து மெல்லச் சூடாக்குங்கள். இறால் ஊறுகாய்க்குத் தகர மூடி வேண்டாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து துருப்பிடிக்க வைத்துவிடும். பிளாஸ்டிக் மூடி இதே பஜாரில் தனியாகக் கிடைக்கிறது, ஆனால் தரம் போதாது, புரி சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. அளவுக்கு ஒரு பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

வடசென்னையில் கண்ணாடி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே தொல்லை, போர் தண்ணீரின் வெள்ளைப் படலம். குடிக்க மெட்ரோ வாட்டர் வந்தாலும் பாத்திரம் கழுவுவது போரில்தானே. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, படிந்திருப்பது சுண்ணாம்பு. பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும், வினிகரும் சரி. கழுவியதும் துணியால் துடைத்துவிட்டால் படலமே வராது. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட டம்ளரைத் திருகி இழுக்காதீர்கள். உள்ளே இருப்பதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளியே இருப்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் தானே விடும்.

உடைந்தால், பெரிய துண்டுகளை எடுத்த பிறகு ஈரமான செய்தித்தாளால் தரையை ஒற்றி எடுங்கள், பொடிச் சில்லும் வந்துவிடும். அதைப் பேப்பரில் கட்டி, குப்பையோடு கலக்காமல் தனியாக, துப்புரவு அக்காவிடம் "இதுல கண்ணாடி இருக்குக்கா" என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வெறும் கையால் பிரிக்கிறார்கள்.

பாய் கடையில் குறை இல்லாமல் இல்லை. கேட்டால்தான் பில். வெளியே வந்துவிட்டால் மாற்றித் தர மாட்டார். செய்தித்தாள் சுற்றித்தான் கட்டித் தருவார்கள், அதனால் நான் பழைய துண்டும் கட்டைப் பையும் எடுத்துப் போகிறேன். வண்டி நிறுத்த இடம் கிடையாது. மதியத்துக்கு மேல் லோடு வண்டிகளால் சந்தில் நடக்கவே முடியாது, 11 மணி சுமாருக்குப் போனால் பாயும் நிதானமாகப் பேசுவார்.

அடுத்து வாங்க நினைப்பது மூடி போட்ட பேக்கிங் பாத்திரம் ஒன்று, பெரியவன் கேக் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதை மட்டும் இங்கே எடுக்கப் போவதில்லை. ஓவனுக்குள் போகிற பொருளுக்கு வாரண்டி அட்டையும் பில்லும் வேண்டும், விலை கூட ஆனாலும் அதைத் தருகிற கடையில்தான் வாங்குவேன்.