பாம்பன் பாலத்தில் உதைக்கும் பெடல்: ஏழு வருட ஏபிஎஸ் அனுபவம்

சாயல்குடியில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். 2014 மாடல் கார் ஒன்று கைக்கு வருகிறதாம். ஒரே ஓனர். ஒன்றே முக்கால் லட்சம் சொன்னவர் ஒன்றரைக்கு இறங்கி வந்துவிட்டாராம். "பேஸ் மாடல்தான் மாப்ள, ஏபிஎஸ் கிடையாது. நீதான் வருசக்கணக்கா அதைத் திட்டிக்கிட்டே இருக்கியே, அது இல்லாததே நல்லதுதானே?" என்றான்.

கேட்ட நேரம் சரியில்லை. அதே ஏபிஎஸ்ஸுக்காக, அதாவது அவசரத்தில் ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற பிரேக் அமைப்புக்காக, மூன்றாவது முறையாகப் பட்டறையில் காசு கட்டிவிட்டு அப்போதுதான் வெளியே வந்து நின்றிருந்தேன். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 2018-இல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் கதையில் பெரிய குற்றவாளி கம்பெனி இல்லை. வீடு தங்கச்சிமடத்தில், வேலை ராமநாதபுரத்தில். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பாம்பன் பாலம் ஏறி இறங்க வேண்டும். மைலேஜ், ஏசி, டிக்கி பற்றியெல்லாம் எழுதாத ஆள் இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது பிரேக் பெடல் உதைப்பது பற்றி.

வாங்கும்போது ஏபிஎஸ் எல்லா மாடலிலும் வரவில்லை. புதிதாக அறிமுகமாகும் கார்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும்தான் அது கட்டாயமானது. நான் அந்த இடைவெளியில் போய் நின்றவன். மேல் மாடலுக்குக் கூடுதலாக அறுபதாயிரம் கேட்டார்கள். "உயிருக்கு முன்னால அறுபதாயிரம் பெருசா சார்?" என்று ஷோரூம் பையன் கேட்டான். பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் பேரம் எங்கே பேசுவது?

முதல் மூன்று வருடம் அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே தெரியவில்லை. சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று நொடி எரிந்து அணையும். அவ்வளவுதான்.

2021 நவம்பரில் தெரிந்தது. இதே நண்பன் வீட்டுக்குப் போய்விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஏர்வாடிக்கு இந்தப் பக்கம், எழுபதில் வந்துகொண்டிருக்கும்போது சீமைக்கருவேலப் புதருக்குள்ளிருந்து ஓர் ஆடு ரோட்டுக்கு வந்தது. நம் பக்கத்து ஆடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஓர் ஆடு வந்தால் பின்னாலேயே முப்பது வரும். வந்தது. மிதித்தேன். முழுக்காலையும் போட்டு மிதித்தேன். பெடல் கடகடவென்று நடுங்கியது, முன்னால் ஏதோ அரைபடுகிற மாதிரி சத்தம். பிரேக் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் வலது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தபோது வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மந்தையின் வாலைச் சுற்றிக்கொண்டு போய், பிறகு இடது பக்கம் திரும்பி, மண் ஓரத்தில் நின்றோம். ஒரு குட்டிக்குக்கூடக் காயமில்லை. ஆட்டுக்காரர் என்னைத் திட்டினார். நியாயம்தான், மழையில் எழுபது அதிகம்.

இதில் எனக்கு ஆச்சரியம் வண்டி நின்றது இல்லை, திரும்பியது. எனக்கு வண்டி சொல்லிக்கொடுத்தவர் மாமா. ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் வண்டி ஓட்டியவர். "மழையில முழுசா மிதிச்சே, சக்கரம் பூட்டிக்கும், வண்டி சறுக்கும். விட்டு விட்டுப் பிடி மருமகனே" என்பதுதான் அவர் பாடம். சக்கரம் பூட்டிவிட்டால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி வந்த திசையிலேயே வழுக்கிப் போகும். உருளுகிற டயருக்குத்தான் ரோட்டின் மேல் பிடி, பிடி இருந்தால்தான் திரும்ப முடியும். மாமா காலால் நொடிக்கு ஒரு தடவை செய்ததை ஏபிஎஸ் நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை, எந்தச் சக்கரம் பூட்டப்போகிறதோ அந்தச் சக்கரத்துக்கு மட்டும் செய்கிறது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சென்சார், நடுவில் வால்வுகளும் ஒரு சின்ன பம்பும். அந்த நடுக்கம் அது வேலை செய்கிற சத்தம். பயந்து காலை எடுத்தால் காரியம் கெட்டது. மாமா மாதிரி விட்டு விட்டு மிதித்தாலும் கெட்டது. மிதித்த காலை அப்படியே அழுத்திக்கொண்டு, கையால் வழி தேட வேண்டும். இதை ஷோரூம் பையன் சொல்லியிருக்கலாம். சீட் கவர் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினான்.

சரி, புகழ்ந்தது போதும்.

2022 கடைசியில் உதை தொடங்கியது. வேகமாகப் போகும்போது ஒன்றுமில்லை. பத்து கிலோமீட்டருக்குக் கீழே வந்து, வண்டி நிற்கப்போகிற கடைசி நொடியில், பெடலுக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டகடகடக. மழை இல்லை, மணல் இல்லை, காய்ந்த தார் ரோடு. நிற்க வேண்டிய வண்டி இன்னும் இரண்டடி நழுவிப் போய் நிற்கும். இரண்டடிதானே என்று சொல்லாதீர்கள். பாம்பன் பாலத்தின் மேல் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் என்றைக்கும் நடப்பது. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து, நடுத் தூக்குப் பாலம் மேலே ஏறுமா என்று காத்திருக்கிற கூட்டம் வேறு. அங்கே ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அந்த இரண்டடியில் முன்னால் ஒரு சுற்றுலா வேன் பம்பர் இருக்கும், இல்லாவிட்டால் செல்ஃபி எடுக்கிற ஒரு குடும்பம் இருக்கும். ஒருமுறை ராமேஸ்வரம் மார்க்கெட் வாசலில் ஒரு அக்காவின் நெத்திலிக் கூடையை லேசாகத் தொட்டுவிட்டேன். கூடைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் காது கூசியது.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, "மாட்யூல் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்றார்கள். ஏபிஎஸ்ஸை இயக்குகிற பெட்டியைச் சொன்னார்கள். 42,000 ரூபாய் என்று ஒரு தாள் நீட்டினார்கள். பல வருடமாக எண்ணெய் மாற்றப் போன இடம். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்கேனரில் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பதில் நான்கும் முப்பது. பதினைந்தில் நான்கும் பதினைந்து. எட்டுக்கு வந்ததும் இடது முன் சக்கரம் மட்டும் திடீரென்று பூஜ்ஜியம்.

"பாத்தியா தம்பி, மத்த மூணும் ஓடுது, இது மட்டும் நின்னுடுச்சுனு கம்ப்யூட்டர் நினைக்குது. சக்கரம் பூட்டிக்கிச்சுனு பிரேக்கை விடுது. மாட்யூல் தன் வேலையை ஒழுங்காத்தான் செய்யுது. பொய் சொல்றது சென்சார்" என்றார்.

சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். ஆக்சில் மேல் பல் பல்லாக ஒரு வளையம் இருக்கிறது. அதற்கு எதிரே மயிரிழை இடைவெளியில் சென்சார். பல் கடக்கக் கடக்க அதற்குள் சிக்னல் பிறக்கும். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் சிக்னலும் மெலிந்துவிடும். சென்சார் உட்காருகிற இடத்தில் துரு வளர்ந்து அதை மேலே தள்ளியிருந்தது. வளையத்தின் பல் இடுக்கிலும் பொருக்குப் பொருக்காகத் துரு. இடைவெளி கூடியதால் மெலிந்த சிக்னல் எட்டு கிலோமீட்டரில் செத்தே போகிறது. எமரி தாளை வைத்து அரை மணி நேரம் தேய்த்தார். அறுநூறு ரூபாய். உதை நின்றது.

42,000 எங்கே, 600 எங்கே. அந்தச் சர்வீஸ் சென்டர் வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

ஆனால் துரு நிற்கவில்லை. ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை உதை திரும்பி வரும், ஞாயிற்றுக்கிழமை நானே ஜாக்கி போட்டுத் தேய்ப்பேன். இரண்டாவது பெரிய செலவு சென்சார். துருவோடு ஒட்டிப்போய், எடுக்கும்போது கையோடு உடைந்துவிட்டது, 2,700. மூன்றாவது போன வாரம். வளையத்துக்கு அடியில் துரு உப்பி வளையமே விரிசல் விட்டுவிட்டது. கம்பெனியில் வளையம் தனியாக இல்லையாம், ஆக்சிலோடுதான் தருவார்களாம், 16,000. அண்ணன் மதுரையில் எங்கோ பேசி, ராமேஸ்வரம் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி, கூலியோடு 1,900-இல் முடித்தார். நண்பன் போன் செய்தது அந்த நேரத்தில்தான்.

கோபப்பட்டு யாரைத் திட்டுவது? பாம்பன் பக்கம் இரும்பு எப்படி அரிக்கும் என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம் ஒரு நிலையம் வைத்து, இரும்புத் துண்டுகளைக் காற்றில் மாட்டிச் சோதித்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் நான் சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு இரும்பு வளையத்தை மாட்டிக்கொண்டு தினம் சோதனை செய்கிறேன், சம்பளம் இல்லாமல். 1978-இல் பாஷ் கம்பெனி இந்த எலெக்ட்ரானிக் ஏபிஎஸ்ஸை மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்தது. ஜெர்மனியிலும் பனி உருக ரோட்டில் உப்பு போடுவார்கள்தான், ஆனால் குளிர்காலத்துக்கு மட்டும். எங்களுக்குப் பன்னிரண்டு மாதமும் கடலே போடுகிறது. கடலோரம் ஓட்டினால் வண்டியின் அடிப்பகுதியை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமாம். குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில், கார் வயிற்றைக் கழுவ எந்தக் குடத்தை எடுப்பது என்று மனைவியிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. இது சென்சார் குற்றமில்லை, ஏபிஎஸ்ஸின் குணமே அது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் ரோடு திறந்தார்கள். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, தனுஷ்கோடி மணல் பறக்கும். ரோட்டின் மேல் அங்கங்கே திட்டுத் திட்டாக மணல் ஏறிக் கிடக்கும். அதன் மேல் பிரேக் போட்டால் ஏபிஎஸ் வண்டி நிற்கவே யோசிக்கும். தளர்ந்த மணலில் பூட்டிய சக்கரம் முன்னால் மணலைக் குவித்துக்கொண்டு அதிலேயே முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாது, உருட்டி உருட்டி மணல் மேல் ஏற்றிக்கொண்டே போகும். விருந்தாளிகளை அங்கே கூட்டிப்போகும் நாட்களில் முப்பதைத் தாண்டுவதில்லை, முன்னால் போகும் வேனுக்கு நல்ல இடைவெளி விடுகிறேன். ஏபிஎஸ் இருந்தால் எங்கேயும் சீக்கிரம் நின்றுவிடும் என்று நம்புகிறவர்களை அரிச்சல்முனைக்கு ஒருமுறை அனுப்பலாம்.

பிரேக் ஆயிலையும் சொல்லிவிடுகிறேன். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அண்ணன் என்னுடையதைத் திறந்தபோது காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. அந்தச் சின்ன வால்வுகளுக்குள் அரிப்பு விழுந்தால் அப்போது நிஜமாகவே 42,000 வரும்.

மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் பிரேக்கே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் லீவில் இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரம்கட்டுங்கள், அது வேறு விஷயம். பழைய வண்டி வாங்கும்போது சாவியைத் திருப்பி, ஏபிஎஸ் விளக்கு முதலில் எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். அப்படி ஒன்றை நானே பார்த்தேன், விற்றவர் வெற்றிலையை மென்றுகொண்டு "அது அப்படித்தான் தம்பி" என்றார்.

நண்பனுக்கு வருகிறேன். பட்டறை வாசலில், கையில் 1,900 ரூபாய் பில்லோடு, வெயிலில் நின்றுகொண்டு சொன்னேன்: "பேசாம அந்தப் பழசையே வாங்கு மாப்ள. உப்புக் காத்துல இந்த எலெக்ட்ரானிக் எல்லாம் நமக்கு லாயக்கில்லை. உன் காலு, உன் பிரேக்கு, நடுவுல யாரும் இல்லை. நிம்மதியா இரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி, அப்ப ஒண்ணு பண்ணு. உன் வண்டியை எனக்குக் குடுத்துரு. ஒன்றரை லட்சத்தோட மேல வேணும்னாலும் தர்றேன். நீ அந்தப் பழசை வாங்கி நிம்மதியா இரு."

சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வலது முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். நேற்று பாலத்தில் ஒரு சின்ன டக் கேட்டது.