மட்டக்களப்பில் ‘கொவிட்டுக்குப் பின்’ இரத்தப் பரிசோதனைப் பக்கேஜ்: எடுக்கலாமா?

நகரத்தில் தனியார் ஆய்வுகூடம் ஒன்று, ஆஸ்பத்திரி ஊழியருக்கென்றே விலை குறைத்துப் போட்டிருக்கும் பக்கேஜ் இது. எஃப்.பி.சி. (இரத்தக் கலங்களின் எண்ணிக்கை), ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பவை), டி.எஸ்.எச். (தைரொய்ட்), ஏ.என்.ஏ. (சொந்தக் கலங்களின் கருவுக்கே எதிரான எதிர்ப்பொருள்), ஆர்.ஏ. ஃபக்டர் (மூட்டுவாதத்தில் கூடும் எதிர்ப்பொருள்). கொவிட்டோ தடுப்பூசியோ உங்கள் நோயெதிர்ப்பை உங்களுக்கே எதிராகத் திருப்பியிருக்கிறதா என்று காட்டுமாம். அந்தப் பேச்சை நம்பி எடுக்க வேண்டாம்.

இரத்தம் எடுப்பதில் குறையில்லை. ரிப்போர்ட்டும் வட்ஸ்அப்பில் வந்துவிடும். ஏ.என்.ஏ.தான் வில்லங்கம். ‘பொசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு தருகிறார்கள். எத்தனை மடங்கு ஐதாக்கியபோது பொசிட்டிவ், என்ன பற்றர்ன் (கலத்தில் எதிர்ப்பொருள் ஒட்டிய வடிவம்) என்று இல்லை. 1:40 இல், அதாவது 40 மடங்கு ஐதாக்கிப் பார்த்தால் நோயே இல்லாதவர்களில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்டப் பொசிட்டிவ் வரும். 1:160 இல் அது ஏறக்குறைய 5 வீதம். லூபஸுக்கான (நோயெதிர்ப்பு சொந்த உடலையே தாக்கும் நோய்) 2019 சர்வதேச வகைப்படுத்தலும் 1:80 இலிருந்துதான் கணக்கெடுக்கிறது. காய்ச்சல் விட்ட கையோடு எடுத்தால் தற்காலிகமாக ஏறி, சில மாதத்தில் இறங்கவும் கூடும்.

ஆர்.ஏ. ஃபக்டரும் அப்படித்தான். சிக்குன்குனியா வந்து விரல் மூட்டு வீங்கிக் கிடப்பவருக்கும் அது கூடலாம். அதை மட்டும் வைத்து மூட்டுவாதக் குளிசை தொடங்க முடியாது. அதைவிடத் திட்டமாகச் சொல்லக்கூடியது அன்டி சி.சி.பி. (மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் இன்னொரு எதிர்ப்பொருள்), அது பக்கேஜில் இல்லை. லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டதா என்று காட்டும் மலிவான யூரின் பரிசோதனையும் இல்லை! தடுப்பூசியைச் சொல்லி விற்கிறார்களே, கோவிஷீல்டுக்குப் பின் அபூர்வமாக வந்த இரத்தக்கட்டி ஊசி போட்டு முதல் சில வாரங்களுக்குள் வருவது. பிளேட்லெட், டி-டைமர் (இரத்தக்கட்டி கரைவதைக் காட்டுவது), பி.எஃப்.4 (பிளேட்லெட் புரதம் ஒன்று) எதிர்ப்பொருள் பார்த்துத்தான் பிடிப்பார்கள். ஏ.என்.ஏ.க்கு அதில் வேலையே இல்லை.

எடுப்பதானால், ஈ.எஸ்.ஆர். இங்கேயே வைக்கிறார்களா என்று கேளுங்கள். அறை வெப்பத்தில் 4 மணித்தியாலத்துக்குள் வைக்க வேண்டியது. இரவு பஸ்ஸில் கொழும்பு போன குழாயில் வரும் எண்ணுக்குப் பெறுமதியில்லை. முடி கொட்டுதென்று பயோட்டின் விற்றமின் போடுகிறவர்கள் குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டுப் போங்கள். சில மெஷின்களில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும்.

களைப்பு மட்டும் என்றால் எஃப்.பி.சி., டி.எஸ்.எச்., யூரின் போதும். ஆறு வாரம் தாண்டியும் மூட்டு வீக்கம், வெயிலில் முகத்தில் சிவப்பு, வாய்ப்புண், கால் வீக்கம் இருந்தால் முதலில் போதனா வைத்தியசாலை மெடிக்கல் கிளினிக்கில் காட்டுங்கள், ஏ.என்.ஏ. தேவையா என்று அவர்கள் சொல்லட்டும். கவுண்டரில் கேட்டால் தனித்தனியாகவும் செய்து தருவார்கள், போர்டில்தான் அதை எழுதவில்லை.