சிட்னிப் பின்வளவில் எந்தப் பறவை, எந்தக் கூடு?

கோழி பார்க்கப் போவதற்கு முன் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போங்கள். நியூ சவுத் வேல்ஸின் உள்ளூராட்சிப் பொது ஒழுங்குவிதி 2021, இரண்டாம் அட்டவணையில் இரண்டு தூரங்களைச் சொல்கிறது. வீட்டுக்கோழி என்றால் வசிப்பிடம், பாடசாலை, பொது மண்டபம், உணவு தயாரிக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 4.5 மீட்டர். தாரா, வாத்து, வான்கோழி என்றால் 30 மீட்டர். முதல் தூரத்தை ஒவ்வொரு கவுன்சிலும் தேவைக்கேற்பக் கூட்டலாம்.

தாரா ஆசை இங்கேயே முடிந்துவிடும். 500 சதுர மீட்டர் காணியில் எந்த மூலையில் நின்றாலும் 30 மீட்டருக்குள் யாரோ ஒருவரின் சுவர் இருக்கும். காக்கி கம்பெல் தாரா நன்றாக முட்டை இடும், நத்தையையும் பொறுக்கும். ஆனால் தண்ணீரைக் கண்ட இடமெல்லாம் சேறாக்கும், எச்சமும் நீர்த்தே இருக்கும். தூரம் ஏன் இத்தனை மடங்கு என்பது ஒரு மழைக்கிழமையில் புரியும்.

காடை நடுவில் தொங்குகிறது. ஆறேழு கிழமையில் முட்டை தொடங்கிவிடும், கூண்டும் சின்னது. ஆனால் ஐந்து காடைமுட்டை சேர்ந்தால்தான் ஒரு கோழிமுட்டை. பயந்தால் நேரே மேலே பாய்ந்து தலையை உடைத்துக்கொள்ளும். ஆகவே கூண்டின் கூரை 30 சென்ரிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அல்லது ஆள் நிற்கும் உயரம் வேண்டும். இடைப்பட்ட உயரம்தான் ஆபத்து. கவுன்சில் அதைத் தாரா, வான்கோழி போன்ற பண்ணைப்பறவைகளோடு சேர்த்தால் 30 மீட்டர் விதி வரும், கூண்டுப்பறவையாகக் கொண்டால் வேறு விதி. தொலைபேசியில் கேட்ட பதிலை நம்பாமல் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

ஆக, பெரும்பாலான வீடுகளுக்கு மிஞ்சுவது கோழி. எந்தக் கோழி என்பதுதான் மெய்யான தெரிவு.

ஐசா பிரவுன் என்ற கலப்பினக் கோழி முதல் வருடம் 300 முட்டைக்குக் கிட்ட இடும். குஞ்சு பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்துப் பேடு, சேவல் பிரிக்கலாம். இது சின்ன விடயமாகத் தெரியும், ஆனால் புறநகரில் இதன் பெறுமதி பெரிது. ஓஸ்ட்ரலோர்ப் போன்ற பழைய இனத்தில் கறுப்புக் குஞ்சு ஆறு வாங்கினால், அதில் மூன்று சில மாதத்தில் கூவத் தொடங்கலாம். சேவலைப் பல கவுன்சில்கள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. தடுக்காத இடத்திலும் 1997ஆம் ஆண்டுச் சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சத்த முறைப்பாடு வரும். பழைய இனம்தான் வேண்டும் என்றால் குஞ்சாக வாங்காமல், முட்டை தொடங்கும் வயதுப் பேடாக, தடுப்பூசி போட்டதாக வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஐசா பிரவுன் தன் உடம்பையே முட்டையாக்கித் தருகிற பறவை. இரண்டு மூன்று வயதுக்குள் முட்டை தடைப்படுவது, வயிற்றுக்குள் சிந்தி அழற்சி ஆவது எல்லாம் அடிக்கடி வரும். ஓஸ்ட்ரலோர்ப் நிதானமாக வருடத்துக்கு 200 முதல் 250 இட்டு, இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்து ஓய்வெடுத்து, பல வருடம் நிற்கும். (1922-23இல் ஆறு ஓஸ்ட்ரலோர்ப் பேடுகள் 365 நாளில் 1857 முட்டை இட்டது உலக சாதனை. கடையில் இன்று வாங்கும் பேட்டிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.) வசந்தத்தில் அடைக்கு உட்காரும், அப்போது சில கிழமை முட்டை இல்லை. கறுப்பு இறகு மேற்கு சிட்னி வெயிலுக்குக் கஷ்டம். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை பதிவானது. அப்படியான நாட்களில் எந்த இனமும் நிழலும் ஈரத்தரையும் இல்லாமல் தாங்காது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று ஐசா பிரவுன், அல்லது நான்கு ஓஸ்ட்ரலோர்ப் போதும். பல கவுன்சில்களின் உச்சவரம்பு 10. அந்த எண்ணிக்கைக்குப் போக வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

கூட்டுக்கு வருவோம். புல்லின் மேல் தினமும் நகர்த்தும் கூடு அழகான யோசனை, படத்தில் நன்றாக இருக்கும். சிட்னியில் அது மூன்று இடத்தில் இடறும். நகரும்போதெல்லாம் 4.5 மீட்டர்க் கணக்கு மாறும். அடுத்தது, வசிப்பிடத்திலிருந்து 15.2 மீட்டருக்குள் உள்ள கூட்டில் கோழி அடையும் கம்புக்குக் கீழே சீமெந்துத் தரை வேண்டும், இல்லையேல் கூடு சுத்தமான மணலில் நிற்க வேண்டும். புல் இரண்டிலும் சேராது. மூன்றாவது மண். மக்குவாரிப் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சிட்னிப் பின்வளவு முட்டைகளில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்குக்கு மேல் ஈயம் இருந்தது. பழைய ஈயப் பூச்சும் பெற்றோல் புகையும் படிந்த உள்நகர மண்ணே காரணம். மண்ணில் ஒரு கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் முட்டை பாதுகாப்பு அளவைத் தாண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். பழைய வீடு என்றால், மண்ணைப் பரிசோதிக்கும் வரை கோழியைக் கிளற விடாதீர்கள்.

நிலையான கூட்டில் சீமெந்தா மணலா? வாடகை வீடானால் மணல்தான்: கழுவிய பரும்படி ஆற்றுமணல், 15 சென்ரிமீட்டர் ஆழம், மேலே முழுக்கூரை. பூனை எச்சம் அள்ளும் கரண்டியால் தினமும் அள்ளினால் போதும். விளையாட்டுத் தொட்டிக்கு விற்கும் நுண்மணல் தூசியாகும், நனைந்தால் கட்டியாகி நாறும். சொந்த வீட்டுக்குச் சீமெந்து நல்லது, எலியும் தோண்டி வராது. ஆனால் வெறுந்தரையில் குதித்தால் பாதம் புண்ணாகி வீங்கும். மரச்சீவலை 10 சென்ரிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள்.

அனுமதி விண்ணப்பம் இல்லாமல் கட்டுவதென்றால் பின்வளவில், எல்லையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, 3 மீட்டர் உயரத்துக்கும் 15 சதுர மீட்டர் பரப்புக்கும் உள்ளே இருக்க வேண்டும். இங்கே பலர் சறுக்குவது கிரானி பிளாட்டில், அதாவது ஒரே காணியில் கட்டும் இரண்டாவது சிறு வீட்டில். அடுத்த காணியில் அது வேலியிலிருந்து 0.9 மீட்டரில் நிற்கலாம். உங்கள் 3 மீட்டரைக் கூட்டினால் 3.9, 4.5க்குக் காணாது. அதுவும் வசிப்பிடம்தான். உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தும் அளவுங்கள்.

கூட்டை அடைக்க அறுகோணக் கோழிவலை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்கும், நரியை வெளியே வைக்காது. 12 மில்லிமீட்டர் பற்றவைத்த கம்பிவலை எலியையும் மறிக்கும். வலையின் அடியை வெளிப்பக்கம் 40 சென்ரிமீட்டர் மடித்துத் தரையில் பரப்பிக் கல் வையுங்கள். நரி சுவரோரம்தான் தோண்டும். அடையும் கம்பில் ஒரு கோழிக்கு 25 சென்ரிமீட்டர், முட்டைப் பெட்டி நாலு பேட்டுக்கு ஒன்று. பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயர்ந்தால் இரவு அதிலேயே அடைந்து முட்டையை எச்சத்தால் அழுக்காக்கும்.

தீன் ஒரு பேட்டுக்கு நாளுக்கு 120 கிராம், 16 வீதப் புரதம் உள்ள முட்டைக்கோழித் தீன். சிப்பித்தூள் தனிப் பாத்திரத்தில். மிதித்தால் திறக்கும் தீன்பெட்டி எலிக்கு எதிரான செலவுதான், ஆனால் முறைப்பாடுகளில் சத்தத்துக்கு அடுத்து வருவது எலி. மிஞ்சின சோறும் கறியும் போடுகிற நம்மவர் பழக்கத்தை நிறுத்தவேண்டும்: உப்பு கோழிக்கு ஆகாது, சோறு எலியை அழைக்கும். அவகாடோ நஞ்சு. தண்ணீரைக் கூரைக்குக் கீழே வையுங்கள். 2024இல் ஹோக்ஸ்பரிப் பகுதிப் பண்ணைகளில் பறவைக்காய்ச்சல் வந்தது, காட்டுப்பறவையின் எச்சம் விழும் பாத்திரம் அதற்குத் திறந்த வாசல். கோழிகள் திடீரென அடுத்தடுத்துச் செத்தால் விலங்குநோய் அவசர அழைப்பு எண் 1800 675 888.

முறைப்பாடு வந்தால், கவுன்சில் 1993ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் ஆணையிடலாம். பொதுவாக அதற்கு முன் உத்தேச அறிவித்தல் வரும், பதில் சொல்ல இடமும் தருவார்கள். அப்போது உதவுவது, அளவுநாடாவை விரித்து வைத்து எடுத்த படங்களும் காடை பற்றிக் கேட்ட அந்த மின்னஞ்சலும்.