ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, கையெழுத்து வாங்கிய விதம்தான் இடிக்கிறது

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். போன மாதம் எங்கள் ஊர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன். பெயர் வேண்டாம், வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. நாலாம் நாளே வீட்டில் ரசம் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

குறை முந்தின நாள் ராத்திரி. ஒன்பது மணிக்கு நர்ஸ் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்கிற நாலு பக்க ஆங்கில ஃபாரத்தை நேராக என்னிடம் நீட்டி, "டிக் போட்ட இடத்துலல்லாம் சைன் பண்ணுங்க சார்" என்றார். கட்டிலில் அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார், முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர். "பேஷன்ட் அவங்கதானே சிஸ்டர்?" என்றால், "கூட இருக்கிற அட்டெண்டர் நீங்க போட்டாப் போதும் சார்."

போதாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது. வயிற்றுக்குள் என்ன பிரச்சினை என்று பார்க்க ஒத்துக்கொண்ட 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அவர் அம்மாவைக் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நல்லதுக்குத்தான் செய்தோம் என்றது டாக்டர் தரப்பு. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையே, அவர் கண் விழித்த பிறகு அவரையே கேட்டிருக்கலாமே என்று கேட்டது கோர்ட். ஃபீஸும் கிடையாது, 25,000 ரூபாய் நஷ்டஈடு வேறு. நன்மை செய், தீங்கு செய்யாதே, நியாயமாக நட, நோயாளியின் முடிவை மதி என்று மருத்துவ அறத்தில் சொல்கிற நாலில், நம் ஊரில் முதல் மூன்றையும் காட்டி நாலாவதை விழுங்கிவிடுகிறார்கள். பாதி நேரம் குடும்பமே அதற்கு உடந்தை, நானும் பேனாவை எடுத்துவிட்டேன் என்பதை மறைப்பானேன்.

சரி, டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். சின்னப் பையன், தூக்கமில்லாத முகம். ஸ்டூலை இழுத்துப்போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஃபாரத்தின் பின்பக்கம் ஒரு கத்தரிக்காய் மாதிரி பித்தப்பையை வரைந்து, எங்கே துளை போடுவார்கள், அது சரிப்படாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று தமிழிலேயே சொன்னார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "திறக்கணும்னா தழும்பு எவ்வளவு நீளம் தம்பி?" என்று அம்மா கேட்டார், அது எனக்குத் தோன்றவே இல்லாத கேள்வி. அப்புறம் அவரே கையெழுத்துப் போட்டார்.

அந்த டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், அந்த ஃபாரத்துக்கு ஒன்று. நோயாளிகள் உரிமைப் பலகை மட்டும் ரிசப்ஷனில் அழகான தமிழில் தொங்குகிறது, பாதி வாட்டர் கேனுக்குப் பின்னால்.

டிஸ்சார்ஜ் அன்று கருத்துப் படிவத்தையும் என்னிடமே நீட்டினார்கள். அம்மா பிடுங்கி எழுதினார்: "டாக்டர் தம்பி தங்கம். கேன்டீன் காபி வெந்நீர்."