செக்கைக் கொடுத்துவிட்டு “சொல்றப்ப போடுங்க” என்பவர்களிடம் ஜாக்கிரதை

வீட்டிலிருந்து பகுதி நேரமாக ப்ரூஃப் பார்ப்பவர்கள், காப்பி எடிட்டிங், டைப்செட்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், முக்கியமாகக் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி லேப்டாப்பைத் திறக்கும் என்னைப் போன்ற பெண்கள், இதைப் படித்துவிட்டு அடுத்த பேட்ச்சுக்குச் சரி சொல்லுங்கள். எனக்கு வர வேண்டியது 53,298 ரூபாய். அதை வாங்கப் பதினோரு மாதம் ஆனது. கம்பெனியின் பெயரை வெளியில் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் கடைசித் தவணையை வாங்கினேன், அதனால் பெயர் கேட்காதீர்கள். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் பக்கம் கோத்துத் தரும் வேலை சென்னையில் பல வருஷமாக நடக்கிறது. அப்படி ஓர் இடத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். இரண்டாவது பையன் பிறந்ததும் விட்டுவிட்டேன். 2024 மே மாதம் பழைய தோழி ஒருத்தி மூலமாக இந்த வேலை வந்தது. அண்ணா சாலையில், ஆயிரம் விளக்கு பக்கம் ஆபிஸ். பக்கத்துக்கு 18 ரூபாய். ஒப்பந்தம் மெயிலில் வந்தது: இன்வாய்ஸ் கொடுத்த 30 நாளில் பணம்.

முதல் பேட்ச் 380 பக்கம், 6,840 ரூபாய். ஐந்தே நாளில் அக்கவுண்டுக்கு வந்துவிட்டது. அந்த ஐந்து நாளை நம்பித்தான் அடுத்த மூன்று மாதத்தை நான் கொடுத்தேன்.

ஜூனில் 940 பக்கம், ஜூலையில் 1,120, ஆகஸ்டில் 1,230. எல்லாம் வேதியியல் ஆய்விதழ். படிப்பவர் கண்ணில் படாத வேலை இது. கட்டுரையின் கடைசியில் நூறு, நூற்றைம்பது மேற்கோள் குறிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தொகுதி எண் தடித்த எழுத்தில் இருக்கிறதா, அதை ஒட்டிய கமா சாதாரண எழுத்தில் இருக்கிறதா, பக்க எண்களுக்கு நடுவில் இருப்பது சின்னக் கோடா நீளக் கோடா என்று பார்க்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி ஆகும். மின்விசிறியைக் கூட ஒன்றில்தான் வைப்பேன், சத்தத்தில் சின்னவன் எழுந்துவிடுவான். மூன்று மாதத்துக்கும் சேர்த்து 59,220 ரூபாய். அதில் டி.டி.எஸ். (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது) 10 சதவீதம், 5,922 போக 53,298.

ஜூன் பணம் ஜூலை 31-ம் தேதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டேன். “கிளையண்ட் சைட்ல லேட்டு சிஸ்டர், அடுத்த வாரம் ரிலீஸ் ஆயிடும்” என்றார் ப்ராஜெக்ட் மேனேஜர். அடுத்த வாரமும் வரவில்லை. ஆகஸ்ட் வேலையை நிறுத்தி வைக்கிறேன் என்று சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், யாராவது உங்களிடம் சொன்னால் அடையாளம் தெரியட்டும்: “நடுவுல நிறுத்துனீங்கன்னா உங்க வெண்டர் கோடை பிளாக் பண்ணிடுவாங்க. அப்புறம் பழைய பில்லும் சேர்ந்து மாட்டிக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நான் பயந்துவிட்டேன். முதல் மாதத்து 16,920 ரூபாயைக் காப்பாற்ற வேண்டும் என்று மூன்றாவது மாதத்தில் 22,140 ரூபாய்க்கு உழைத்துக் கொடுத்தேன். வரவேண்டிய பாக்கியைக் காட்டியே அவர்கள் என்னிடம் வேலை வாங்கினார்கள். பாக்கி ஏற ஏற விட்டுவிட்டுப் போகும் தைரியம் குறைந்தது. என் வீட்டுக்காரர் ஜூலையிலேயே சொன்னார், “ஒரு பில்லு நின்னா அன்னைக்கே கையை எடுத்துடு” என்று. அவர் சொன்னது சரி. ஒரு இன்வாய்ஸ் தேதி தாண்டினால் அடுத்த பேட்ச்சைத் திறக்காதீர்கள். பிளாக் பண்ணுவேன் என்றால் பண்ணட்டும். நஷ்டம் ஒரு மாதத்தோடு நிற்கும்.

செப்டம்பர் முழுக்க போன். கேட்டால் எம்.டி. ஊரில் இல்லை, அக்கவுண்ட்ஸ் தம்பி லீவு. அக்டோபர் 9-ம் தேதி நேரில் போனேன். கிண்டி வரைக்கும் ரயில், அங்கிருந்து மெட்ரோவில் ஆயிரம் விளக்கு. வரவேற்பறையில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு மேனேஜரே வந்து ஒரு செக்கைக் கையில் கொடுத்தார். முழுத் தொகை, 53,298. தேதி அக்டோபர் 15. எனக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒண்ணே ஒண்ணு சிஸ்டர், நான் போன் பண்ணினப்புறம் போடுங்க. அதுக்கு முன்னாடி போட்டுட்டா பவுன்ஸ் ஆயிடும், ரெண்டு பேருக்கும் சங்கடம்.” சரி என்றேன்.

தீபாவளி அக்டோபர் 31. தீபாவளிக்கு போனஸ் கொடுத்துவிட்டோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. சர்வர் ரூமில் தண்ணீர், ஆபிஸே ஓடவில்லை என்றார். ஊரே மழையில் கிடந்தபோது அதை நம்பாமல் என்ன செய்வது? டிசம்பரில், வெளிநாட்டு கிளையண்ட் எல்லாம் கிறிஸ்துமஸ் லீவில் இருக்கிறார்கள், பொங்கல் கழிந்ததும் கண்டிப்பாகப் போடலாம் என்றார்.

பொங்கல் கழிந்து 2025 ஜனவரி 20-ம் தேதி, அவர் போன் வராமலேயே பாங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா செக்கை வாங்கி, தேதியில் விரலை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். “அக்டோபர் பதினஞ்சும்மா இது. மூணு மாசம் முடிஞ்சு போச்சு. செல்லாது.” திருப்பித் தள்ளினார். தேதி முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். முன்பு ஆறு மாதமாக இருந்தது, 2012 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி மூன்றாக்கிவிட்டது. அக்டோபர் 15-ம் தேதியே நான் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் வந்திருக்கும், இல்லை பவுன்ஸ் ஆகியிருக்கும். பவுன்ஸ் ஆனால் சங்கடம் அவர்களுக்கு. செக் திரும்பியது என்று பாங்க் தரும் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்து 15 நாளில் பணம் கட்டவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ் போடலாம். இரண்டு வருஷம் வரை ஜெயில், செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். அந்த உரிமை முழுவதையும் “போன் பண்ணினப்புறம் போடுங்க” என்ற ஒரு வார்த்தைக்கு நான் விட்டுக்கொடுத்தேன். செக் கொடுத்தால் அதில் உள்ள தேதியன்றே போட்டுவிடுங்கள். யார் கெஞ்சினாலும்.

செல்லாது என்று ஆன மறுநாளே அவர்கள் குரல் மாறியது. இரண்டு நாளில் ஒரு மெயில்: என் வேலையில் க்யூ.சி.யில் (தரச் சோதனையில்) பிழைகள் நிறைய, இன்வாய்ஸ்கள் இன்னும் அப்ரூவ் ஆகவில்லை, 40 சதவீதம் குறைத்துத்தான் பரிசீலிக்க முடியும். அதுவரைக்கும் ஒரு பிழை மெயில்கூட வந்ததில்லை. பணத்தை விட இதுதான் என்னை அடித்துப் போட்டது. ஒன்பது வருஷம் செய்த தொழிலை, ராத்திரி கண்விழித்துச் செய்த வேலையை, காசு கொடுக்காமல் இருப்பதற்காகக் குறை சொன்னார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று அனுப்பிவிட்டார்கள். டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே கேட்டார்: “பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிச்சாங்களாம்மா? சம்பள ரசீது இருக்கா?” எதுவும் இல்லை. இன்வாய்ஸ் கொடுத்து வேலை செய்தவள் ஊழியர் கணக்கில் வரமாட்டாள் என்றார்.

என்னைக் காப்பாற்றியது எங்கள் தெருவில் ஆடிட்டர் ஆபிஸில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. க்யூ.சி. மெயிலைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “26ஏஎஸ் பார்த்தியா?” நான் அதுவரை பார்த்ததே இல்லை. வருமான வரித் தளத்தில் பான் எண்ணைப் போட்டு உள்ளே போய், நம் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் அந்தப் படிவத்தைத் திறந்தோம். கம்பெனியின் பெயருக்குக் கீழே மூன்று வரிகள்: 16,920, 20,160, 22,140. பக்கத்தில் வரிப் பிடித்தம் 1,692, 2,016, 2,214. நயா பைசா குறையவில்லை.

அக்கா விளக்கினார். கான்ட்ராக்ட் தொகையைக் கணக்கில் வரவு வைக்கும்போதோ கொடுக்கும்போதோ, எது முந்தியோ அப்போது டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். எனக்குக் கொடுக்கவில்லை, ஆனாலும் பிடித்து, அரசாங்கத்துக்குக் கட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரைக்குமான காலாண்டுக் கணக்கில் என் பெயரில் காட்டியிருக்கிறார்கள். என் மூன்று இன்வாய்ஸும் அவர்கள் புத்தகத்தில் செலவாக ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்ரூவ் ஆகாத இன்வாய்ஸுக்கு யாராவது வரி கட்டுவார்களா? செல்லாமல் போன செக்கும் அதே தொகைக்கு. “இந்த ரெண்டு காகிதமும் போதும்டி, இதை வெச்சு நோட்டீஸ் விடு” என்றார்.

பிப்ரவரியில் ஒரு வக்கீல் மூலம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. ஆபிஸ் முகவரிக்கு மட்டுமில்லை, இயக்குநர்கள் பெயருக்கும். கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் பதிவு முகவரி, இயக்குநர்கள் பெயர், கடைசியாக எந்த வருஷக் கணக்கைத் தாக்கல் செய்தார்கள் என்பதெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். வேலைக்குச் சேரும் முன்பே நான் பார்த்திருக்க வேண்டியது. மார்ச் கடைசியில், ஒரு பதிலும் எழுதாமல், 30,000 ரூபாய் அக்கவுண்டில் விழுந்தது. மிச்சத்துக்கு மறுபடியும் மௌனம்.

அடுத்த செய்தி பெண்கள் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஏப்ரலில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள அந்த ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், வழக்கு போடுவதற்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுத்தேன். கட்டணம் ஒன்றும் இல்லை. முதல் அமர்வுக்கு அவர்கள் வரவில்லை. இரண்டாவதற்கு வந்தவர், 26ஏஎஸ் பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு க்யூ.சி. பற்றி வாயே திறக்கவில்லை. ஜூனில் 23,298 வந்தது. வட்டி இல்லை, நானும் களைத்துப் போயிருந்தேன். அவர்கள் பிடித்த 5,922 ரூபாய் ரிட்டர்ன் போட்டதும் வரித்துறையிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது.

வட்டி ஏன் கேட்க முடியவில்லை என்றால், நான் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்திருக்கவில்லை. தனியாளாக வீட்டில் சேவை செய்து கொடுப்பவரும் குறுந்தொழிலாகப் பதியலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. பதிவு இருந்தால் 2006-ம் வருஷத்துக் குறு, சிறு தொழில் சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. என் பணம் நிற்கத் தொடங்கியபோது அந்த விகிதம் 6.75 சதவீதம், மும்மடங்கு 20.25. அரசுத் தளத்திலேயே புகாரும் கொடுக்கலாம். வேலை தொடங்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும், சண்டை வந்த பிறகு பதிந்தால் பழைய பில்லுக்கு அதை நம்ப முடியாது. நான் இப்போது பதிந்துவிட்டேன், இன்வாய்ஸில் அந்த எண்ணைப் பெரிதாகவே போடுகிறேன். ஏப்ரல் 2024-லிருந்து இன்னொன்றும் இருக்கிறது: பதிவுள்ள குறு, சிறு தொழிலுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, தரும் வரைக்கும் அதைத் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அந்த எண்ணைப் பார்த்தாலே அக்கவுண்ட்ஸ்காரர்கள் பில்லை மேலே எடுத்து வைக்கிறார்கள்.

போன வாரம் திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். அதே கம்பெனி, அதே மேனேஜர், அவளுக்கு 31,000 பாக்கி. மூன்று வருஷத்துக்குள் கேஸ் போடலாம், பயப்படாதே என்றேன். ஒப்பந்த மெயில், இன்வாய்ஸ்கள், வேலை அனுப்பிய மெயில்கள், 26ஏஎஸ், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். செக் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். ஆமாம் அக்கா, போன மாசம் 28-ம் தேதி போட்டது, அவர் போன் பண்ணட்டும்னு பீரோவில் வைத்திருக்கிறேன் என்றாள். அதையும் எடுத்துக்கொண்டு வருகிறாள். திங்கட்கிழமை காலை பாங்க் திறந்ததும் போட்டுவிடப் போகிறோம்.