புது ஷாக் அப்சார்பர் என்று சொல்லி பழசுக்கே பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டார்கள். 27,500 ரூபாய் போச்சு

சேலத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள், அதுவும் ஏற்காடு ஏறி இறங்குபவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். 27,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அது பெரிய பணம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிக்குள் என் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். வேலைக்கு விடும்போது என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி 2004 மாடல் மாருதி ஜென். அப்பா வாங்கியது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்று சத்தம், பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறும். நான்கு சக்கரத்துக்கும் கேஸ் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், முன்னால் புது டிஸ்க்கும் பேடும், பின்னால் டிரம்முக்கு ஷூவும் வீல் சிலிண்டரும், அப்புறம் பிரேக் ஆயில் மாற்றம். எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

ஓனர் அட்டைப்பெட்டியை என் கண் முன்னாலேயே பிரித்தார். புது ஷாக் அப்சார்பர். கையில் கொடுத்து, "ராடை அமுக்கிப் பாருங்க தம்பி" என்றார். அமுக்கினேன், கையை விட்டதும் மெதுவாக மேலே வந்தது. "ஆயில் டைப்பா இருந்தா இப்படித் தானா மேல வராது. இது உங்க வண்டிக்குத்தான். பிள்ளைங்களைக் கூட்டிட்டு மலைக்குப் போற வண்டி, இதுல போய் நான் விளையாடுவேனா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துடும், எதுக்கு வீணா?" என்றார். சரி என்று 27,500 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். கழற்றிய பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். காயலான் கடைக்குப் போட்டாச்சாம். அதையும் நம்பினேன்.

ஞாயிறு சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இறங்கினோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில்தான் வந்தேன். 11-வது வளைவு தாண்டியதும் கருகிய நாற்றம். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. விட்டு விட்டு மிதித்தேன், முதல் கியருக்கு மாற்றி ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். தடுப்புச் சுவரை ஒட்டித்தான் வண்டி நின்றது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவைத்துவிட்டு ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது, மாற்றவே இல்லை. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றார். கொதித்தால் லைனுக்குள் ஆவி, மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. டிஸ்க்கும் புதுசு இல்லை. பழையதையே லேத்தில் கடைந்து மெலிசாக்கி மாட்டியிருக்கிறார்கள், மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும். அப்புறம் பெட்ரோல் நனைத்த துணியால் ஷாக் அப்சார்பரைத் துடைத்தார். கறுப்பு பெயிண்ட் கரைந்து வந்தது. அடியில் ஆயில் கசிந்த கறை. அதற்கும் கீழே ஒரு மஞ்சள் பொட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே அண்ணன் இடது வலது தெரிவதற்காக வைத்த பொட்டு அது. காயலான் கடைக்குப் போன சாமான் என் வண்டியிலேயே இருக்கிறது!

உடனே போன் செய்தேன். முதல் தடவை, "நீங்க பிரேக்கை அமுக்கிட்டே இறங்கியிருப்பீங்க, மலையில எல்லா வண்டியும் அப்படித்தான்." இரண்டாவது தடவை, "வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் பேசறேன்." மஞ்சள் பொட்டு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "20 வருஷம் ஓடின வண்டி தம்பி, வித்துடுங்க" என்கிறார். தம்பியாம்! 27,500 ரூபாயை வாங்கும்போது வண்டியின் வயது தெரியவில்லையா?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். கழற்றிய சாமானை உங்கள் கையில் வாங்குங்கள், கொடுக்காவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பிரேக் ஆயில் டப்பா உங்கள் முன்னால் உடையட்டும். பில் இல்லாமல் வேலை வேண்டாம். மலைக்குப் போவதற்கு முன்னால் வேறொரு மெக்கானிக்கிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள்.

ஜிபே ரசீதும் போட்டோக்களும் என்னிடம் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளைக் காலை கூப்பிடப் போகிறேன். வண்டி மெக்கானிக் அண்ணன் இடத்தில் சக்கரம் கழற்றி நிற்கிறது. அந்த வேலைக்கு இனிமேல்தான் பணம் புரட்டணும்.