ஒரே காட்சி, மேடையிலும் கேமராவிலும்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. அதை விற்றுவிடலாமா என்று கேட்க மகன் வந்திருக்கிறான். அப்பா பதில் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருக்கும் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். 12 நிமிடக் காட்சி, அவ்வளவுதான். அல்சூர், ஜீவன்பீமா நகர் பக்கத்துத் தமிழர்கள் 7 பேர் சேர்ந்து இதை இரண்டு முறை செய்தோம். முதலில் நாடகமாக, நாலு மாதம் கழித்துக் குறும்படமாக. அதே வசனம், அதே இரண்டு நடிகர்கள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே நடிப்பு, இயக்கம் என்று ஆசைப்படும் தம்பி தங்கைகள் எதில் ஆரம்பிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது.

முதலில் சாவி. ஒத்திகையில் கடைசி வரிசையில் ஒரு நண்பரை உட்காரவைத்து, என்ன தெரிந்தது என்று கேட்டேன். "சார் ஏதோ வேட்டியைச் சரி பண்ணினார்னு நினைச்சேன்" என்றார். காட்சியின் உயிரே அந்தச் சாவிதான், அது அவரிடம் போய்ச் சேரவே இல்லை. மேடையில் நடிகருக்கும் பார்ப்பவருக்கும் உள்ள தூரம் கடைசிவரை மாறாது. முதல் வரிசைக்காரருக்கு நடிகரின் கண் தெரியும், கடைசி வரிசைக்காரருக்கு உடம்பு மட்டும்தான். அதனால் ஒற்றைச் சாவியைச் சாவிக்கொத்து ஆக்கினோம். தொட்டால் சத்தம் வரும். அடுத்து, அந்த நேரத்தில் கூடத்தில் நடந்துகொண்டிருந்த மகனை நிற்கச் சொன்னோம். மேடையில் எது அசைகிறதோ அங்கேதான் கண் போகும். இருவரும் அசைந்தால் கண் சிதறும், ஒருவர் உறைந்தால் மற்றவரிடம் தானாகப் போய் நிற்கும். யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று தீர்மானிக்கிற பிளாக்கிங் என்ற வேலையின் பாதி இதுதான்.

கேமராவுக்கு வந்ததும் அதே சாவிக்கொத்து பகையாகிவிட்டது. மைக் பக்கத்தில் இருந்ததால், ஏதோ கடையின் ஷட்டரைத் தூக்குவது போல ஒலித்தது. முகத்தருகே லென்ஸ் வைத்தபோது, மேடைக்காகப் பழகியிருந்த தலையசைப்பும் கனமாகத் தெரிந்தது. மறுபடி ஒற்றைச் சாவிக்கே போனோம். க்ளோஸ் அப்பில் விரல் அந்தச் சாவியின் மேல் நிற்கிறது. சத்தமே தேவைப்படவில்லை. மேடை இயக்குநர் கண்ணைக் கெஞ்சி வரவழைக்கிறார். திரை இயக்குநர் வேறு எதையும் பார்க்க விடாமல் கண்ணைக் கட்டிப்போடுகிறார். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை என்றே நினைக்கிறேன்.

கெஞ்சி வரவழைப்பதிலும் நம்மவர்கள் பெரிய கைகாரர்கள். தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, முக்கிய வேடம் அதன் பின்னால் பாடிக்கொண்டு வரும். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன், யார் வருவது என்று விசாரிப்பான். துணி விலகும்போது எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும். கேமரா இல்லாமல் எடுத்த க்ளோஸ் அப் என்றால் எனக்கு அதுதான்.

நடிப்பு யாருடையது என்பதில் இரண்டும் முற்றிலும் பிரிந்துபோகின்றன. அப்பாவாக நடித்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர், இளமையில் கோலார் தங்கவயலில் நாடகம் போட்டவர். மகன் கேட்டு முடித்ததும் மேடையில் 9 வினாடி சும்மா இருப்பார். அந்த மௌனத்தின் நீளம் அவர் கையில். கூட்டம் அமைதியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நீட்டுவார், யாராவது இருமினால் முடித்துக்கொள்வார். படத்தில் அதை எடிட்டர் 3 வினாடி ஆக்கினார். பெரியவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் எடிட்டர் செய்ததும் சரிதான். முகத்துக்கு அடுத்து சாவியைக் காட்டியபோது அந்த முகத்தில் துக்கம் தெரிந்தது. அதே முகத்துக்கு அடுத்து மகன் கையிலிருக்கும் செல்போனைக் காட்டிப் பார்த்தோம், கோபம் தெரிந்தது. முகம் மாறவே இல்லை. சுமார் 100 வருடத்துக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் செய்துகாட்டியது இதுதான்: ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி என்று மாற்றி மாற்றி ஒட்ட, பார்ப்பவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். அந்த வசதி மேடையில் கிடையாது. அங்கே துக்கம் வேண்டுமென்றால் நடிகர்தான் கொண்டுவர வேண்டும், அதுவும் தினமும் புதிதாக.

வரிசைக் குழப்பத்துக்கும் நடிகர் தயாராக வேண்டும். எங்கள் ஜன்னலில் வெயில் மதியம் 3 மணிவரைதான் விழும். அதனால் ஜன்னல் தெரியும் ஷாட்களை எல்லாம் முதலில் எடுத்தோம். அப்பா கடைசியில் உடைந்துபோகும் இடம் காலை 10 மணிக்கே முடிந்துவிட்டது, மகன் வாசலில் செருப்பைக் கழற்றும் ஆரம்பம் சாயங்காலம்தான். மேடையில் 12 நிமிடமும் ஒரே மூச்சு, ஒவ்வொரு வசனமும் அடுத்ததைத் தூக்கிவிடும். கேமராவில் அந்த ஏணி இல்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை நடிகர் மனசுக்குள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். காபி டம்ளர் எவ்வளவு நிறைந்திருந்தது என்பதைக்கூட ஒருவர் குறித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் குடித்த காபி அடுத்த ஷாட்டில் திரும்ப நிறைந்திருக்கும்.

இன்னொரு தப்பை விரிவாகவே சொல்கிறேன், புதிதாக எடுப்பவர்கள் பலரும் செய்வது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். 180 டிகிரி விதி என்பார்கள். நாங்கள் சுவர் அழகாக இருக்கிறது என்று மகனின் ஷாட்டை மறுபக்கம் போய் எடுத்துவிட்டோம். எடிட்டில் பார்த்தால் அப்பாவும் வலது பக்கம் பார்க்கிறார், மகனும் வலது பக்கம் பார்க்கிறான். இருவரும் வெளியே நிற்கும் மூன்றாவது ஆளிடம் பேசுவது போல இருந்தது. அந்த ஒரு ஷாட்டுக்காக இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திரும்ப வந்தோம். மேடையில் இந்தக் கவலையே இல்லை, பார்ப்பவர் நாற்காலியை விட்டு நகர்வதில்லை.

ஒலியைப் பொறுத்தவரை மேடைக்கு அடிவயிற்றிலிருந்து வரும் குரல் வேண்டும், மைக்கை நம்பக்கூடாது. படத்துக்குக் குரல் குறைவாகப் போதும், ஆனால் அறை அமைதியாக வேண்டும். அல்சூரில் அது லேசில்லை. சோமேஸ்வரர் கோவில் மணி, ஆட்டோ, மேல் வீட்டு மிக்சி. ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள்: எல்லாரும் பேசாமல் நிற்க, அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டி ஒட்டிய இடங்களை மூட அது உதவும்.

வெளிச்சத்தில் நம் பழைய கணக்கு ஆச்சரியமானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவே இருக்கிறது: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், ஒரு கோல் என்பது 24 விரல். கூடவே, தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இன்றைக்கும் மேடை விளக்கை முன்னால் இரு பக்கமும் சாய்வாக வைப்பது, ஒரு பக்கத்து நிழலை மறுபக்கம் சமன் செய்யத்தான். படத்தில் கவலை வேறு. பெங்களூர் மேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரு ஷாட் வெயிலிலும் அடுத்தது மப்பிலும் இருந்தால் இரண்டும் ஒட்டாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி ஓரளவு சமாளித்தோம்.

செலவு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நாடகத்துக்கு ஹால் வாடகை, படத்துக்கு லென்ஸ், மைக் வாடகை, மற்றபடி சாப்பாடு.

மேடைக்கு மட்டுமே உள்ளது ஒன்று உண்டு. எங்கள் நாடகத்தின் நடுவே கரண்ட் போய்விட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பெரியவர் அசரவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, இருட்டில் சாவிக்கொத்தை மெதுவாக ஒருமுறை தட்டினார். மகனாக நடித்தவர் புரிந்துகொண்டு, "அப்பா, நான் கேட்டது காதுல விழுந்துதா?" என்று இல்லாத வசனம் ஒன்றைச் சொன்னார். மறுபடி சாவிச் சத்தம். ஹாலில் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. பெங்களூர் ஜே.பி. நகரில் உள்ள ரங்க சங்கரா நாடக அரங்கில், நாடகம் தொடங்கிய பிறகு வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். 2004-இல் திறந்ததிலிருந்து அந்த அரங்கம் கண்டிப்புக்குப் பேர்போனது. அந்த இருட்டில்தான் அந்த விதியின் அருமை எனக்குப் புரிந்தது. நடிகரும் கூட்டமும் ஒரே நேரத்தை மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கதவு திறக்கக்கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. நடிக்க வேண்டும் என்றால் மேடைக்குப் போங்கள், தயங்கவே வேண்டாம். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் படத்துக்குப் போனது சும்மா இல்லை. உடம்பையும் குரலையும் கேமரா பழக்கிக் கொடுக்காது. இயக்க வேண்டும் என்றாலும் முதல் காட்சியை மேடையில் செய்யுங்கள், வெட்டி ஒட்டித் தப்பிக்க முடியாத இடத்தில் காட்சி நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் உங்கள் கதையின் கனம் ஒரு பொருளிலோ, தெருவிலோ, மழையிலோ இருக்கிறதென்றால் நேராகக் கேமராவை எடுங்கள். மேடையில் அதை வசனமாக்க வேண்டிவரும், அங்கேதான் பல நாடகங்கள் நொண்டுகின்றன.

எங்கள் காட்சிக்கு மேடைதான் பொருந்தியது என்று நான் சொல்கிறேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தின் லிங்க்கை டொரண்டோவில் இருக்கும் பேரனுக்கு அனுப்பியிருக்கிறார். "தாத்தா, அந்தச் சாவி இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டு அவன் பதில் போட்டானாம்.